பெயர் வைக்காத மாத்திரை

“எப்படி இருக்கீங்க?” என்று கேட்டால் அந்த அக்கா உடனே பதில் சொல்லமாட்டார். கேட்டவரை அப்படியே நிற்கவைத்துவிட்டு, தான் எப்படித்தான் இருக்கிறோம் என்று யோசித்துப் பார்ப்பார். பிறகு சொல்வார்: “எடது முட்டி வலிக்குது. காலையில சாப்ட தோசை நல்லா இருந்துச்சு. மனசு நேத்தைக்கு இன்னைக்கி பரவால்ல.” வழக்கத்துக்கு விசாரித்துவிட்டு நகரலாம் என்று வந்தவர்களுக்கு இது பெரிய பேஜாராக இருக்கும். எனக்கு அதுதான் தேவைப்பட்டது. ஒரு மாத்திரையைச் சாப்பிடுகிற மனிதர் எப்படி இருக்கிறார் என்று கேட்டு எழுதுவதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

கல்யாணமாகி ஆரணிக்கு வந்த நான், தினமும் காலையில் பஸ் பிடித்து ஒரு மணி நேரத் தொலைவில் இருந்த பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் மனநலப் பிரிவுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். கடைக்கு இன்னும் வராத புது மருந்துகளை, சம்மதிக்கிற நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்க்கும் ஆய்வுகள் அங்கே நடக்கும். படிவங்களைப் படித்துக் காட்டுவது, போன் செய்து விசாரிப்பது, வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது, கேட்டதைக் கேட்டபடி எழுதுவது, இவையெல்லாம் என் வேலை.

அந்த அக்காவை அவருடைய தம்பி அழைத்துவந்தார். தம்பிக்கு ஆரணியில் வீட்டை ஒட்டிய கொட்டகையில் விசைத்தறிகள் ஓடின. அக்காவுக்கு அப்போது நாற்பதைத் தாண்டியிருக்கும். வெளுத்த நீலப் புடவை, இழுத்து வாரிய தலை, இரண்டு கையும் மடியில். அந்தக் கைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. பல வருடங்களாகச் சாப்பிட்டுவந்த மாத்திரையால் வந்த நடுக்கம் அது. அதே மாத்திரைதான் அவர் காதில் பேசிக்கொண்டிருந்த குரல்களைக் கொஞ்சம் தணித்தும் வைத்திருந்தது.

ஆய்வை நடத்திய டாக்டரம்மா அந்தக் குரல்களைப் பற்றிக் கேட்டார். அக்கா யோசித்துவிட்டுச் சொன்னார்.

“ரெண்டு ஆம்பளைங்க. செவுத்துக்கு அந்தாண்ட நின்னுகினு பேசறாப்பல இருக்கும். ஒருத்தன் கட்டையான கொரலு, இன்னொருத்தன் சிரிச்சிகினே பேசுவான். நான் இன்னா பண்ணாலும், ‘பாரு, உட்டுட்டா பாரு’ன்னு சொல்லுவானுங்க.”

“எதை விட்டுட்டீங்கன்னு சொல்றாங்க?”

“அத்த மட்டும் சொல்ல மாட்டானுங்க. அதான் பேஜாரு.”

இது ஏன் அவ்வளவு பெரிய தொல்லை என்பது அவருடைய வேலையைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. ஆரணிப் பட்டு வியாபாரி ஒருவரின் கடையில் அவர் புடவை பார்ப்பவர். தறியிலிருந்து இறங்கி வரும் ஒவ்வொரு புடவையையும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் விரித்து, கரையிலிருந்து கரைக்குக் கண்ணை ஓட்டி, இழை அறுந்த இடம், ஜரிகை தூக்கிய இடம், எண்ணெய்க் கறை எல்லாவற்றையும் கண்டுபிடித்து அந்த இடத்தில் ஒரு காகிதத்துண்டு வைப்பார். அவர் பார்த்து மடித்த புடவையைக் கடையில் யாரும் மறுபடி பிரிப்பதில்லை. அப்படிப்பட்டவரின் காதில், எதையோ விட்டுவிட்டாய் என்று நாள் முழுக்க இரண்டு பேர் சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்! ஒரே புடவையை எட்டு முறை, பத்து முறை பிரிப்பார். மாத்திரையைக் கூட்டினால் குரல் குறையும், கை நடுங்கும். நடுங்குகிற கையின் நகம் பட்டில் மாட்டும். குறைத்தால் கை நிற்கும், அவர்கள் வந்துவிடுவார்கள்.

அந்த ஆய்வின் மாத்திரைக்குப் பெயர் கிடையாது. மூன்று ஆங்கில எழுத்துகளும் சில எண்களும் மட்டும்தான். மனச்சிதைவு நோய்க்காக வாய்வழியாகச் சாப்பிடும் புது மருந்து. நடுக்கம் வராது என்று நம்பினார்கள். ஒப்புதல் படிவத்தை நான் படித்துக் காட்ட, அதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. சாதாரணமாக முக்கால் மணி நேரத்தில் முடியும். அன்று மத்தியானச் சாப்பாடு தாண்டிப் போயிற்று.

“ஏம்மா, இதுக்குப் பேரே வெக்கலியா?”

“கடைக்கு வரும்போதுதான் வைப்பாங்கக்கா.”

“வரலன்னா?”

“வரலன்னா இந்த நம்பரோட நின்னுடும்.”

அதை அவர் மனதில் வாங்கிக்கொண்டார். முதல் ஆறு வாரம் பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கும் ஒரு பழைய மருந்து, இரண்டும் பார்க்க ஒன்றுபோல இருக்கும், யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, டாக்டரம்மாவுக்கும் தெரியாது என்று படித்தேன்.

“உங்களுக்கு நெஜமாவே தெரியாதா, இல்ல சொல்லக்கூடாதா?”

“நெஜமாவே தெரியாதுக்கா.”

“சரி. தெரியலன்னா தெரியலன்னு சொல்றவங்ககிட்ட கையெழுத்துப் போடலாம்.”

பக்கத்தில் உட்கார்ந்திருந்த தம்பி, “எங்கக்கா இப்படித்தான் மேடம். பொண்ணு பாக்க வந்தாங்கல்ல, அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும் அவங்களுக்கு” என்று சிரித்தார். தெள்ளாரிலிருந்து வந்த மாப்பிள்ளை வீட்டார், பெண்ணுக்கு நன்றாகச் சமைக்க வருமா என்று கேட்டார்களாம். வரும் என்று எல்லாப் பெண்களும் சொல்லும் இடம். இவர் யோசித்துவிட்டு, “ரசம் நல்லா வரும். சாம்பார் ஒரு நாள் போல ஒரு நாள் இருக்காது” என்றாராம். இருந்தும் கல்யாணம் நடந்தது. குரல்கள் வந்தபோதும் அதே போலத்தான். மற்றவர்கள் மூடி மறைக்கும் விஷயத்தை, வந்த மூன்றாம் நாளே மாமியாரிடம் உள்ளபடி சொல்லியிருக்கிறார். அந்த வாரமே ஒரு பெட்டியோடு ஆரணிக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். இதைச் சொல்லும்போது தம்பி சிரிக்கவில்லை. அக்காவின் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. “அவங்க பயந்துட்டாங்க” என்று மட்டும் சொன்னார்.

மூன்றாவது வாரம் நான் அவர் வீட்டுக்குப் போனேன். காலை நேரம். பக்கத்துக் கொட்டகையில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. அக்கா வாசல் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தார். நான் கேட்கும் முன்பே சொன்னார்.

“தறி ஓடுது பாரும்மா.”

“தினமும் ஓடறதுதானேக்கா?”

“தறி மட்டும் ஓடுது.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. அவர் கதவை விடாமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்தார். ஆரணியில் யாருமே காது கொடுத்துக் கேட்காத சத்தம் அது. பல வருடங்களில் முதல்முறையாக அதற்குப் பின்னால் யாரும் பேசவில்லை. அவருடைய கைகளைப் பார்த்தேன். கதவின் மேல் அசையாமல் இருந்தன.

ஆறு வாரம் முடிந்து, எல்லோருக்கும் புது மருந்தையே ஒரு வருடம் கொடுக்கும் அடுத்த கட்டத்துக்கு அவர் வந்தார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் கடைக்கோ வீட்டுக்கோ போவேன். மாதம் ஒருமுறை அவர் ஆஸ்பத்திரிக்கு வருவார். ஈ.சி.ஜி. என்கிற இதயப் படம் எடுப்போம், ரத்தம் எடுப்போம். எல்லாம் சரியாக இருந்தன.

அவர் வேலை செய்வதை நான் பார்த்தது அப்போதுதான். அவர் வைத்த ஒரு காகிதத்துண்டை வியாபாரியே ஒருநாள் எடுத்துவிட்டு, “யக்கா, உடம்புக்கும் கரைக்கும் நடுவுல ஒரே ஒரு இழை. இத யாரு பாக்கப் போறாங்க? முகூர்த்தம் கிட்ட வந்துடுச்சு, ஜல்தியா அனுப்பணும்” என்றார்.

“நான் பாத்துட்டனே” என்றார் அக்கா. சண்டை போடும் குரல் இல்லை. காகிதத்தை எடுத்து அதே இடத்தில் மறுபடி வைத்தார். வியாபாரி பெருமூச்சு விட்டுப் புடவையைத் தனியே ஒதுக்கினார்.

அக்கா என்னிடம் திரும்பி, “இருந்தா இருக்குதுன்னு சொல்லணும், இல்லன்னா இல்லன்னு சொல்லணும். நான் அத்த மட்டுந்தான் செய்யறேன். இன்னா பண்றதுன்னு அவரு முடிவு பண்ணிக்கட்டும்” என்றார்.

இப்படிப்பட்டவரை விடாப்பிடியானவர் என்று ஊரில் சொன்னார்கள். நோயினால் வந்த குணம் என்றும் சிலர் சொன்னார்கள். குரல்கள் போன பிறகும் அந்தக் குணம் அப்படியே இருந்ததைப் பார்த்த எனக்கு அது நோயில்லை என்று தெரியும். அந்த மாதங்களில் அவர் கொஞ்சம் பூசினாற்போல் ஆனார். தம்பி மனைவியோடு கோட்டைப் பக்கம் மாலையில் நடந்துவிட்டு வந்தார். ஒரு முறை கடையில் யாரோ சொன்ன வேடிக்கைக்கு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, தானே ஆச்சரியப்பட்டதுபோல என்னைப் பார்த்தார்.

என்னைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. இந்த ஆய்வுகளின் நிலை என்ன என்பதை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போட்டு வைத்திருப்பார்கள் என்று நான்தான் அவரிடம் சொல்லியிருந்தேன்.

“இன்னா போட்டிருக்குது?”

நான் போனில் எடுத்துப் பார்த்துச் சொல்வேன். “ஆள் சேர்த்து முடிஞ்சிடுச்சு, நடந்துகினு இருக்குதுன்னு போட்டிருக்கு.”

“பேரு?”

“இன்னும் இல்லக்கா.”

எட்டாவது மாதம் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது தம்பியும் கூட வந்தார். டாக்டரம்மா வேறு வார்டில் இருந்தார். நான் வழக்கம்போல நோட்டைத் திறந்து, போன தடவைக்கு அப்புறம் உடம்புக்கு ஏதாவது வந்ததா என்று கேட்டேன்.

“ஒண்ணும் இல்லங்க மேடம். ஜோரா இருக்காங்க” என்றார் தம்பி, அக்கா வாயைத் திறப்பதற்கு முன்பே.

அக்கா யோசித்தார். “ரெண்டு தடவ கண்ணு இருட்டிச்சு” என்றார்.

தம்பி அவர் கையை அழுத்தியதை நான் பார்த்தேன். “வெயில்ல நின்னுச்சு மேடம். அதான். காலையில சாப்புடவும் இல்ல.”

“சாப்ட்டேனே” என்றார் அக்கா.

தம்பி தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அக்காவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார். “வேணாங்க்கா. சொன்னா நிறுத்திடுவாங்க. நீ மறுபடி பழையபடி ஆயிடுவ. என்னால பாக்க முடியாதுக்கா.”

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். கண் இருட்டியது என்று கேட்டதும் எனக்குத் தெரியும், இது சாதாரணமில்லை என்று. இந்த மாதிரி மருந்துகள் சிலருக்கு இதயத்துடிப்பைத் தொந்தரவு செய்யும். கதவைப் பிடித்துக்கொண்டு தறிச் சத்தத்தைக் கேட்ட அந்த முகம் எனக்குக் கண்முன்னால் வந்தது. பேனா என் கையில் இருந்தது. “லேசான தலைசுற்றல், இரண்டு முறை” என்று எழுதினேன். அப்படி எழுதினால் அது ஒரு வரியாகப் படிவத்தில் கிடக்கும், மாத்திரை தொடரும். எழுதி முடித்து நோட்டை மூடப் போனேன்.

“இன்னாம்மா எழுதினீங்க? படிச்சுக் காட்டுங்க.”

படித்தேன்.

“தல சுத்தல மா. தல சுத்தனா எனக்குத் தெரியும், ஒரு ஆட்டம் ஆடும். இது அப்படி இல்ல. நெஞ்சுல பட்டாம்பூச்சி மாதிரி படபடன்னு அடிச்சுது. அப்புறம் இருட்டிடுச்சு. முழிச்சுப் பாக்க சொல்ல கீழ கெடக்கறேன். புடவை மேலயே விழுந்துட்டேன். அது மயக்கம். மயக்கம்னு எழுதுங்க.”

“அக்கா, அப்படி எழுதினா...”

“தெரியும்மா. தம்பி சொன்னானே.” தம்பியைப் பார்த்தார். “எனக்கும் அந்த மாத்திர வேணும். வேணான்னு நான் சொல்லல. ஆனா நாளைக்கி இத இன்னொருத்தருக்குக் குடுப்பீங்க. அவங்க மாடிப்படியில நின்னுகினு இருப்பாங்க. ரோட்டுல வண்டி ஓட்டிகினு இருப்பாங்க. அப்போ?”

எங்கள் வேலையில் தவறாக எழுதியதை அழிக்கக்கூடாது, வெள்ளை பூசக்கூடாது. ஒரே ஒரு கோடு போட்டு, கீழே இருப்பது தெரியும்படி விட்டு, பக்கத்தில் சரியானதை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அப்படியே செய்தேன். அக்கா என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தப்பையும் வெச்சிகினே சரி பண்றீங்க. நல்லா இருக்குது இது” என்றார்.

தம்பி எழுந்து வெளியே போய்விட்டார்.

அன்று எடுத்த இதயப் படம் சரியாகவே இருந்தது. டாக்டரம்மா அதோடு விடவில்லை. ஒரு நாள் முழுக்க மார்பில் ஒட்டிவைத்துத் துடிப்பைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி அனுப்பினார். அதில் தெரிந்தது. துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவே இருக்க வேண்டிய ஒழுங்கு சில இடங்களில் குலைந்திருந்தது. இன்னொரு முறை விழுந்தால் எழாமலே போகலாம் என்றார் டாக்டரம்மா. மாத்திரை அன்றைக்கே நின்றது. நிறுவனத்துக்கும் ஆய்வை மேற்பார்வை செய்யும் குழுவுக்கும் மறுநாளைக்குள் அறிக்கை போயிற்று. அதை எழுதியவள் நான்தான்.

பழைய மாத்திரை திரும்ப ஆரம்பித்தது. இருபது நாளில் கைகள் நடுங்க ஆரம்பித்தன. ஒரு மாதம் ஆகும்போது நான் போய் எப்படி இருக்கீங்க என்று கேட்டேன். கேட்டிருக்கவே கூடாது என்று நினைத்தேன். அவர் வழக்கம்போல யோசித்துவிட்டு, “வந்துட்டானுங்க” என்றார். “சிரிக்கறவன் மொதல்ல வந்தான். கட்டக் கொரலு நேத்துதான் வந்தான்.” யாரோ ஊருக்குப் போய்த் திரும்பிய சொந்தக்காரர்களைப் பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார். கண்ணில் மட்டும் தண்ணீர் நின்றது.

அதற்குப் பிறகு சில மாதங்கள் கழித்து நிறுவனத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. நிறுவனம் மறுபரிசீலனை செய்ததாகவும், அந்த மருந்தின் மேம்பாட்டை நிறுத்திவிட முடிவு செய்திருப்பதாகவும், இருக்கும் மாத்திரைகளையெல்லாம் திருப்பி அனுப்ப வேண்டும் என்றும் இருந்தது. காரணம் எழுதவில்லை. எங்கள் ஆஸ்பத்திரியில் அந்த மாத்திரையில் தேறி வந்துகொண்டிருந்த இன்னும் சில பேருக்கும் அதை நிறுத்தினோம். அவர்களில் ஒருவர் டாக்டரம்மாவின் மேஜையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அக்காவிடம் நானே நேரில் போய்ச் சொல்ல நினைத்தேன். கடையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மடியில் அரக்கு நிறப் புடவை ஒன்று. என்னைப் பார்த்ததும், “இன்னா போட்டிருக்குது?” என்றார்.

“நிறுத்திட்டாங்கக்கா.”

“நிறுத்தி வெச்சிருக்காங்களா, நிறுத்திட்டாங்களா?”

ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் உண்டு. அந்தப் பக்கத்தில் போட்டிருந்தது இரண்டாவது. “நிறுத்திட்டாங்க” என்றேன்.

“மத்தவங்களுக்கும்?”

“ஆமாக்கா. எல்லாருக்கும்.”

அவர் கையில் இருந்த புடவை நடுங்கியது. கையைப் புடவையிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“என்னாலயா?”

“இல்லக்கா, அப்படியெல்லாம் இல்ல.”

“உங்களுக்குத் தெரியுமா?”

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

“இல்லன்னு சொன்னீங்களே. தெரிஞ்சு சொன்னீங்களா?”

“தெரியாதுக்கா” என்றேன். “எதனாலன்னு அவங்க எழுதல. டாக்டரம்மா கேட்டுப் பார்த்தாங்க. அதுக்கும் சரியா பதில் வரல.”

“அப்படின்னா என்னாலயும் இருக்கலாம்.”

“இருக்கலாம்.”

அவர் தலையை ஆட்டினார். அவரைத் தேற்ற எதைச் சொல்லியிருந்தாலும் அது பொய்யாக இருந்திருக்கும், அவர் கண்டுபிடித்திருப்பார். பிறகு அவர் புடவையைத் திரும்ப எடுத்து, நடுங்கும் விரல்களை உள்ளே மடக்கிக்கொண்டு, புறங்கையால் அதை நீவி விரித்துப் பார்க்கத் தொடங்கினார். நகம் படாமல் பார்ப்பதற்கு அவரே கண்டுபிடித்துக்கொண்ட வழி அது.

அந்த வருடக் கடைசியில் ஒருநாள் அவர் ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். தனியாக. அவருடைய பரிசோதனை நாள் இல்லை அது. பஸ்ஸில் கூட்டம் அவருக்கு ஆகாது. கூட்டத்தில் அந்த இருவரும் சத்தம் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும். முகமெல்லாம் வேர்த்திருந்தது. கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து என் மேஜைமேல் வைத்தார். முழு அட்டை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. மேலே அந்த எழுத்துகளும் எண்களும்.

“இது உங்களுது” என்றார்.

“இது எப்படிக்கா?”

“தம்பி எடுத்து வெச்சிருந்தான். அன்னைக்கி நீங்க மீதி மாத்திரைய வாங்கிகினு போனீங்களே, அப்பவே ஒண்ண ஒளிச்சிருக்கான். நீங்களும் ஒரு அட்டை கொறையுதுன்னு சொன்னீங்க. கெடைக்கலன்னு சொல்லிட்டான். எனக்கு ரொம்ப முடியாம போனா குடுக்கலாம்னு வெச்சிருக்கான். பீரோ தொடைக்க சொல்ல கெடைச்சுது. அவன் மேல எனக்குக் கோவம் இல்லம்மா. எனக்காகத்தான் பண்ணான். அவனத் திட்டாதீங்க.”

“திட்ட மாட்டேங்க்கா.”

அவர் கிளம்பவில்லை. இன்னும் ஏதோ சொல்ல இருந்தது.

“ரெண்டு நாளு இத கையில வெச்சிகினு உக்காந்திருந்தேன். ஒண்ணே ஒண்ணு போட்டுக்கலாமான்னு. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, தறி சத்தம் மட்டும் கேக்கலாமேன்னு. அத்தையும் எழுதிக்கங்க.”

“அதை எழுத இடம் இல்லக்கா” என்றேன்.

“ஓரத்துல எழுதுங்க.”

எழுதினேன். திரும்ப வந்த அட்டையைக் குறிக்கும் தாளின் ஓரத்தில், பேனாவால், அவர் சொன்னபடி. பின்னால் தணிக்கைக்கு வந்த ஒருவர் அதைக் காட்டி இது என்ன என்று கேட்டார். ஒருவர் உண்மையைச் சொன்னார், எழுதினேன் என்றேன். அவர் புரியாமல் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

அக்காவை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்க்கவில்லை. என் கணவருக்கு வேறு ஊரில் வேலை கிடைத்து நாங்கள் ஆரணியைவிட்டு வந்தோம். எப்போதாவது போன் செய்வேன். “முட்டி மாத்தி முட்டி வலிக்குது. இப்போ வலது” என்பார். குரல்கள்? “இருக்கானுங்க.” வேலை? “போறேன். கண்ணு கொஞ்சம் மங்குது. அத மொதலாளிகிட்ட நானே சொல்லிட்டேன். வெளிச்சம் ஜாஸ்தியா ஒரு லைட்டு போட்டுக் குடுத்திருக்காரு.” பிறகு தவறாமல் அந்தக் கேள்வி. நான் பார்த்துச் சொல்வேன். வருடக்கணக்கில் அந்தப் பக்கத்தில் எந்த மாற்றமும் இல்லை.

போன வருடம் மாறியது. வேறொரு நிறுவனம் அந்த மருந்தை வாங்கி, அளவைக் குறைத்து மறுபடி சோதிக்க ஆரம்பித்திருந்தது. நான் இப்போது வேலை செய்யும் ஆஸ்பத்திரியும் அந்தச் சோதனை நடக்கும் இடங்களில் ஒன்று. எண்ணைக்கூட மாற்றிவிட்டார்கள். பெயர் இன்னும் இல்லை. புதுப் படிவம் கைக்கு வந்ததும் எடுத்துப் படித்தேன். இதயத்துடிப்பில் ஏற்கெனவே கோளாறு வந்தவர்களைச் சேர்க்கக்கூடாது என்று இருந்தது. அக்காவுக்கு இடமில்லை. போன் செய்து சொன்னேன்.

அவர் யோசித்தார். “குடுத்தா நல்லா இருந்திருக்கும்” என்றார். பிறகு, “பரவால்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அவங்க செய்யறது சரிதான்” என்றார். கடையில் யாரோ கூப்பிட, போனை வைத்துவிட்டார்.

அந்த ஆய்வுக்கு முதலில் வந்தவர்கள் சேத்துப்பட்டுப் பக்கத்து ஓர் அம்மாவும் அவருடைய மகளும். மகளுக்கு இருபத்துமூன்று வயது. தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் படிவத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது: இந்த மருந்தை முன்பு அதிக அளவில் எடுத்துக்கொண்ட ஒருவருக்கு, திடீரென்று நெஞ்சு படபடத்து மயக்கம் ஏற்பட்டது, ஆகவே இந்த ஆய்வில் மாத்திரையின் அளவு குறைக்கப்பட்டுள்ளது, ஒவ்வொரு மாதமும் ஒரு நாள் முழுவதும் உங்கள் இதயத்துடிப்பு பதிவு செய்யப்படும்.

அந்த வரியோடு நிறுத்தினேன். தண்ணீர் குடித்தேன்.

“ஏங்க” என்றார் அந்த அம்மா. “அந்த மயக்கம் வந்தவங்க, அவங்க இப்போ எப்படி இருக்காங்க?”

இத்தனை வருடங்களில் எத்தனையோ பேருக்கு எத்தனையோ படிவங்களைப் படித்திருக்கிறேன். அதில் வரும் மனிதரைப் பற்றி யாரும் இப்படிக் கேட்டதில்லை. அது யார், எந்த ஊர் என்று நான் சொல்லக்கூடாது. நல்லா இருக்காங்க என்று சொல்லி முடித்துவிடலாம். அவரும் அதைத்தான் எதிர்பார்த்தார். வாய்வரை வந்துவிட்டது. அப்படிச் சொன்னால் அது பொய். அதனால் நானும் கொஞ்ச நேரம் யோசித்தேன்.

“உயிரோட இருக்காங்கம்மா. வேலைக்குப் போறாங்க. மாத்திரைய நிறுத்தினதுக்கு அப்புறம் அவங்களுக்கு வியாதி திரும்ப வந்துடுச்சு. இன்னும் இருக்கு.”

அந்த அம்மா மகளின் பக்கம் திரும்பினார். அவளுடைய கையை எடுத்துத் தன் மடியில் வைத்து மூடிக்கொண்டார். நான் காத்திருந்தேன்.

“மேல படிங்க” என்றார்.